எழுத்துப் பிழை அப்படியே, பாட்டு மட்டும் வேறு

'தி ஸாம்பீஸ்' என்ற ஆங்கில இசைக்குழுவின் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்' தட்டின் உறையில் ஓர் எழுத்துப் பிழை உண்டு. ஒடிஸி என்ற சொல்லில் முதல் 'ஒய்' வரவேண்டிய இடத்தில் 'ஈ' உட்கார்ந்திருக்கிறது. உறையை வரைந்த டெர்ரி குவர்க்கின் கைத்தவறு அது. கவனித்தபோது திருத்த நேரமில்லை. குழுவின் கீபோர்டு கலைஞர் ராட் ஆர்ஜென்ட், அது தெரிந்தே வைத்த சிலேடை என்று பல வருடங்கள் சொல்லிச் சமாளித்தார். கூட வாசித்தவர்களே அதை நம்பினார்கள்.

1968 ஏப்ரலில் வெளியான அந்தத் தட்டு பிறகு எல்.பி.யாக, சிடியாக, பாக்ஸ் செட்டாக, மறுபடியும் வினைலாக எத்தனையோ முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்தப் பிழையைக் கோயில் கல்வெட்டு போலப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஒரு பதிப்பு மோனோ, இன்னொன்று ஸ்டீரியோ. ஒன்றில் பன்னிரண்டு பாட்டு, மற்றொன்றில் அதைப் போல இரண்டு பங்கு. ஒன்று மெல்லப் பாடும், அடுத்தது அதே பாட்டைக் காது அதிரப் பாடும். ஆக, 'அறுபதுகளின் ஆல்பம்' என்று கடையில் ஒருவர் வாங்கிவரும் பொருள் உண்மையில் எந்த வருடத்தைச் சேர்ந்தது?

ரசிகர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பிரிட்டிஷ் பீட் இசையில் எது பெரிது, எது சிறிது என்று இன்று உலகம் வைத்திருக்கும் மரியாதைப் பட்டியலை அன்றைய விற்பனை மட்டும் எழுதவில்லை. டேப் யாரிடம் இருந்தது, அதை அவர் வெளியே விட்டாரா, விட்டால் எந்த வடிவில் விட்டார் என்பவையும் சேர்ந்துதான் எழுதின.

பீட் என்ற பெயர் லிவர்பூலோடு ஒட்டிக்கொண்டது. பில் ஹாரி 1961இல் அங்கே 'மெர்ஸி பீட்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், கூட்டாகப் பாடும் குரல்கள், இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு. பீட்டில்ஸ், செர்ச்சர்ஸ், ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் லிவர்பூலிலிருந்து வந்தார்கள், ஹாலீஸ் மான்செஸ்டர், டேவ் கிளார்க் ஃபைவ் லண்டனின் டாட்டன்ஹாம். இவர்களுக்குச் சோறு போட்டது சிங்கிள். எல்.பி. விலை கூடியது, பள்ளிப் பையன்கள் கைக்கு எட்டாதது. கம்பெனிகளும் அதைச் சிங்கிளின் வால் போலத்தான் நடத்தின. பீட்டில்ஸின் முதல் எல்.பி.யில் பத்துப் பாடல்கள் 1963 பிப்ரவரி 11 அன்று, காலையில் தொடங்கி இரவுக்குள் பதிவாகிவிட்டன. ஜான் லென்னனுக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். அதைப் பாடினால் வேறு எதையும் பாட முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். இப்படி ஒரே நாளில் பொரித்தெடுத்த பண்டத்தைத்தான் இன்று மூன்று கிலோ எடையுள்ள பெட்டிகளில் வைத்து ஆராய்கிறார்கள்.

எந்த மறுவெளியீட்டிலும் முதலில் எழும் வழக்கு மோனோவா ஸ்டீரியோவா என்பது. அன்று வீட்டில் இருந்தது டான்செட் மாதிரியான கைப்பெட்டி பிளேயர், அதற்கு ஒரே ஸ்பீக்கர். வானொலியும் அப்படித்தான், 1964 ஈஸ்டரில் கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பத் தொடங்கிய ரேடியோ கேரோலைனும் மத்திய அலையில்தான் பாடியது. அதனால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸை. ஸ்டீரியோ, வசதியான வீடுகளுக்காக அவசரத்தில் செய்துகொடுத்த உபரி. பீட்டில்ஸின் முதல் எல்.பி.யைப் பதிவு செய்த டேப்பில் இரண்டே டிராக்குகள்: ஒன்றில் வாத்தியம், மற்றொன்றில் குரல். மோனோவில் அளவாகக் கலப்பதற்காக அப்படிப் பிரித்து வைத்தார்கள். அதையே ஸ்டீரியோ என்று விற்றபோது இடது காதில் கிட்டாரும் டிரம்ஸும், வலது காதில் குரலும் என்று குடும்பம் பாகப்பிரிவினை செய்துகொண்டது. ஹெட்ஃபோனில் கேட்டால் பாடுபவர் அடுத்த அறையில் நிற்பது போலிருக்கும்.

1967இல் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்த சமயத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மோனோ மிக்ஸ் நடக்கும்போது குழுவினர் கூடவே இருந்தார்கள், ஸ்டீரியோவுக்கு அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' பாட்டு மோனோவில் சுருதி ஏறி, நடை கொஞ்சம் வேகமாக இருக்கும். ஸ்டீரியோவில் அதே பாட்டு இழுத்து நடக்கும். இருந்தும் எழுபதுகளில் கடைகளிலிருந்து மோனோ மறைந்தது. இரண்டு தலைமுறை, குழு பொருட்படுத்தாத பதிப்பையே அசல் என்று நம்பி வளர்ந்தது. 1987இல் முதல் நான்கு ஆல்பங்களும் சிடியில் மோனோவாக வந்தபோது, காசு கொடுத்து வாங்கியும் ஒரு காது செவிடாகிவிட்டது போல அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. முழு மோனோ பெட்டி வர 2009 ஆயிற்று.

ஸாம்பீஸ் தட்டில் இந்தச் சிக்கலின் உள்விவரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பையன்கள் ஐவர். 1964இல் 'ஷீ இஸ் நாட் தேர்' அமெரிக்கா வரை ஓடியது. அடுத்து வந்த சிங்கிள்களில் பெரும்பாலானவை படுத்தன. 1967இல் சிபிஎஸ் கம்பெனி அவர்களுக்கு ஆயிரம் பவுண்டு கொடுத்து ஓர் ஆல்பம் செய்யச் சொன்னது. பெரும்பகுதியை அபே ரோடு ஸ்டூடியோவில், 'சார்ஜென்ட் பெப்பர்' முடிந்த சூட்டோடு, நாலு டிராக் டேப்பில் பதிவு செய்தார்கள். லென்னன் விட்டுச் சென்ற மெல்லட்ரான் என்ற கீபோர்டு வாத்தியம் அங்கேயே கிடந்ததால் அதை எடுத்து வாசித்தோம் என்று ஆர்ஜென்ட் பிறகு சொன்னார். பணம் கொஞ்சம் என்பதால் ஒத்திகையை வெளியிலேயே முடித்துவிட்டு வந்து, ஸ்டூடியோவில் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் வாசித்தார்கள். மோனோ மிக்ஸ் முடிந்தது. ஆயிரம் பவுண்டும் முடிந்தது. அந்த நேரம் பார்த்து சிபிஎஸ் ஸ்டீரியோவும் வேண்டும் என்றது. ஆர்ஜென்டும் பேஸ் கலைஞர் கிறிஸ் ஒயிட்டும் சொந்தக் காசு இருநூறு பவுண்டு போட்டு அதைச் செய்துகொடுத்தார்கள்.

அங்கே ஒரு பாட்டு மட்டும் மடங்க மறுத்தது. 'திஸ் வில் பி அவர் இயர்' பாட்டில் வரும் ஊதுவாத்தியங்கள் நாலு டிராக் டேப்பில் இல்லை. மோனோ மிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரடியாக அதன்மேல் ஊதிச் சேர்த்தவை அவை. தனியே பிரித்தெடுக்க வழியில்லாததால், அந்த ஒரு பாட்டு ஸ்டீரியோ தட்டிலும் மோனோவாகவே போயிற்று. ஸ்டீரியோ பதிப்பை ஹெட்ஃபோனில் கேட்பவர் இதைத் தொட்டே பார்க்கலாம். முந்தைய பாட்டுகளில் பியானோ ஒரு பக்கம், குரல்கள் ஒரு பக்கம் என்று அறை விரிந்திருக்கும். இந்தப் பாட்டு தொடங்கியதும் நாலு சுவரும் நெருங்கிவந்து, எல்லாரும் நடுத்தூணைச் சுற்றி நின்று பாடுவார்கள். மூன்று நிமிடம் தாண்டுவதற்குள் பாட்டு முடிந்து, சுவர்கள் பழையபடி விலகும். கேட்பவருக்கு அது கலை உத்தியாகத் தோன்றலாம். காரணமோ காசும் கால அவகாசமும்.

ஸ்டூடியோ வேலை முடிந்த கையோடு குழுவும் முடிந்தது. ஆர்ஜென்டுக்கும் ஒயிட்டுக்கும் பாட்டு எழுதிய வருமானம் வந்துகொண்டிருந்தது. மற்ற மூவருக்கும் மேடை நிகழ்ச்சியை விட்டால் வேறு வழி இல்லை, அதுவும் குறைந்துகொண்டே போனது. 1967 டிசம்பரில் பிரிந்தார்கள். பாடகர் காலின் பிளன்ஸ்டன் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். இல்லாத குழுவின் ஆல்பமாக நாலு மாதம் கழித்து வந்த தட்டு பிரிட்டனில் விலைபோகவில்லை. அமெரிக்காவில் வெளியிடவே கம்பெனிக்கு மனமில்லை. இசைக்கலைஞரும் தயாரிப்பாளருமான ஆல் கூப்பர் பிடிவாதம் பிடித்ததால் வந்தது. அதிலிருந்து எடுத்த 'டைம் ஆஃப் தி சீஸன்' 1969 தொடக்கத்தில் அங்கே மூன்றாம் இடம் வரை ஏறியது. பாட வேண்டிய குழு கலைந்துபோயிருந்ததால், போலி ஸாம்பீஸ் குழுக்கள் அமெரிக்காவைச் சுற்றிவந்து கச்சேரி செய்தன. அவற்றில் ஒன்றில் வாசித்த இருவர் பின்னாளில் ஸீஸீ டாப் குழுவில் புகழ்பெற்ற டஸ்டி ஹில்லும் ஃபிராங்க் பியர்டும். ஆள்மாறாட்டத்தில் தொடங்கிய பெரிய வாழ்க்கை!

இன்று அந்த ஆல்பம் 'சார்ஜென்ட் பெப்பர்' பக்கத்தில் வைத்துப் பேசப்படுகிறது. 1968இல் அதை வாங்காதவர்களின் பேரப்பிள்ளைகள் வாங்குகிறார்கள். இதற்குப் பாதை போட்டவை மறுவெளியீடுகள்: ஏஸ் கம்பெனியின் பிக் பீட் லேபிள் 1997இல் கொண்டுவந்த 'ஸாம்பி ஹெவன்' பெட்டி, அடுத்த வருடம் மோனோ ஸ்டீரியோ இரண்டையும் ஒரே சிடியில் அடக்கிய முப்பதாம் ஆண்டுப் பதிப்பு. முப்பத்தைந்து நிமிட எல்.பி. எழுபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும் சிடியில் இரண்டு தடவை பொருந்தும் என்ற சாதாரணக் கணக்குதான் ஒப்பிட்டுக் கேட்கும் ரசனையை வளர்த்தது. 2008இல், நாற்பது வருடம் கழித்து, உயிரோடிருந்த நால்வரும் லண்டன் மேடையில் அந்த ஆல்பத்தை முழுதாக வாசித்தார்கள்.

எதிர்த் திசையில் டேவ் கிளார்க் ஃபைவ். 1964 ஜனவரியில் பீட்டில்ஸின் 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாட்டைப் பிரிட்டனின் முதலிடத்திலிருந்து இறக்கியது இவர்களின் 'கிளாட் ஆல் ஓவர்'. அமெரிக்காவில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பதினெட்டு முறை தோன்றினார்கள். பிரிட்டிஷ் குழுக்களில் வேறு யாருக்கும் அத்தனை வாய்ப்பு இல்லை. டிரம்ஸ் வாசித்த டேவ் கிளார்க் கணக்குப் புலி. தொடக்கத்திலேயே பதிவுகளின் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கம்பெனிக்குக் குத்தகைக்கு மட்டும் விட்டார். மற்ற பீட் குழுக்கள் எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னர் அழுத விஷயம் இது. ஆனால் புத்திசாலித்தனம் வேறு விலை கேட்டது. 1978க்குப் பிறகு பதினைந்து வருடம் அவர்களின் பாட்டு எதுவும் கடையில் கிடைக்கவில்லை. உலகம் முழுக்க எல்.பி.யை விட்டு சிடிக்கு மாறி, தன் நினைவுகளைப் புதிதாக வாங்கிக்கொண்டிருந்த பதினைந்து வருடம் அது. 1993இல் ஒரு தொகுப்பு வந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. அன்று ஆல்பம் விலைபோகாத ஸாம்பீஸை இன்றைய கல்லூரி மாணவருக்குத் தெரிகிறது. லட்சக்கணக்கில் விற்ற டேவ் கிளார்க் ஃபைவைக் கேட்டால் யோசிக்கிறார்.

டேப் உரிமைச் சண்டையில் வேறொரு ரகம் 'தி ஹூ' குழுவின் முதல் ஆல்பம். 1965 டிசம்பரில் வந்த 'மை ஜெனரேஷன்' தட்டின் மூல டேப்புகள் தயாரிப்பாளர் ஷெல் டால்மியிடம் இருந்தன. குழுவுக்கும் அவருக்கும் உறவு முறிந்து வழக்கு நடந்தது. டேப்புகள் அவரிடமே தங்கின. ஸ்டீரியோ வடிவம் வெளிவர 2002 ஆயிற்று. வந்ததும் ரசிகர்கள் திகைத்தார்கள்: தலைப்புப் பாட்டிலேயே கிட்டாரின் பகுதிகளைக் காணோம். ஸாம்பீஸின் ஊதுவாத்தியக் கதைதான் இங்கும். மோனோ மிக்ஸின்போது நேரடியாக வாசித்துச் சேர்த்தவை மூல டேப்பில் இல்லை. இதற்குக் கண்ட தீர்வு விசித்திரம். 2014இல் வந்த புது ஸ்டீரியோ மிக்ஸுக்காக, எழுபதை நெருங்கிய, குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் பழைய ரகக் கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையரையும் எடுத்து, இருபது வயதுத் தன்னைப் போலவே வாசித்து ஓட்டையை அடைத்தார். வயதாவதற்கு முன்னால் செத்துப்போகலாம் என்று கத்திய பாட்டு அது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒலி கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனாலும் அது 1965 இல்லை. நன்றாகப் பூசி மெழுகிய 2014.

கிங்க்ஸ் குழுவிடம் வேறொரு கேள்வி: ஆல்பம் என்பது எந்தப் பட்டியல்? 'வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி' 1968 இலையுதிர்காலத்தில் ஐரோப்பாவின் சில நாடுகளில் பன்னிரண்டு பாட்டோடு வெளிவந்துவிட்டது. குழுவின் பாடலாசிரியர் ரே டேவிஸ் பிரிட்டிஷ் வெளியீட்டை நிறுத்தி, இரண்டு பாட்டை எடுத்து, ஐந்தைச் சேர்த்து, பதினைந்தாக்கி நவம்பர் 22 அன்று வெளியிட்டார். அதே நாளில்தான் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் வந்தது. விற்பனைப் பட்டியலில் எங்குமே இடம் பெறாமல் போனது கிங்க்ஸின் தட்டு. அது பிரிட்டனில் ஒரு லட்சம் விற்பனைக்கான தங்கச் சான்றிதழ் பெற்றது 2018இல், ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி வந்த வருடம். டேவிஸ் கடைசி நேரத்தில் நீக்கிய 'டேஸ்' அவருடைய மிகச் சிறந்த பாட்டுகளில் ஒன்று. மறுவெளியீட்டுச் சிடிகள் அதைக் கூடுதல் பாட்டாகத் திரும்பக் கொண்டுவந்தன. கேட்பவருக்கு லாபம்தான். ஆனால் எழுதியவர் எதை வெட்டினார் என்ற முடிவு அங்கே அழிந்துபோகிறது. கூடுதல் பாட்டு ஒன்றிரண்டு வரை ருசி. மூன்றாவது தட்டில் ஒரே பாட்டின் ஐந்தாம் முயற்சி, ஏழாம் முயற்சி, இருமல், சிரிப்பு என்று போகும்போது ஆல்பம் என்ற வடிவமே கரைந்து ஆவணக் காப்பகத்தின் அலமாரி ஆகிவிடுகிறது.

இப்படி அலமாரியைத் திறந்துவிட்டதில் சட்டத்துக்கும் பங்குண்டு. ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான காப்புரிமை ஐம்பது ஆண்டாக இருந்தது. 2011இல் அதை எழுபது ஆக்கினார்கள். பிரிட்டனில் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்காக முன்னணியில் நின்று குரல் கொடுத்தவர் லக்னோவில் பிறந்த பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் என்பதால் அவர் பெயராலேயே அந்தச் சட்டத்தை அழைத்தார்கள். 1962 அக்டோபரில் வந்த பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' மூன்று மாத வித்தியாசத்தில் நீட்டிப்பைத் தவறவிட்டுப் பொதுச் சொத்தானது. சட்டத்தில் இன்னொரு முடிச்சு: ஐம்பது வருடத்துக்குள் வெளியிடாத பதிவுக்கு இந்த நீட்டிப்பு இல்லை. விளைவாக 2013 டிசம்பரில் பீட்டில்ஸின் 1963ஆம் வருடப் பதிவுகள் ஐம்பத்தொன்பது, பெரிய விளம்பரமில்லாமல் இணையக் கடையில் தோன்றின. பாப் டிலனின் கம்பெனி முந்தைய வருடமே தன் பழைய பதிவுகளை ஐரோப்பாவில் சுமார் நூறு பிரதிகள் மட்டும் போட்டு, உறையிலேயே காப்புரிமை நீட்டிப்பு என்று அச்சடித்திருந்தது. இந்த அளவு வெளிப்படைத்தன்மை விளம்பர உலகில் அபூர்வம்.

சட்டமும் கம்பெனியும் காப்பாற்றாததைச் சில சமயம் அதிர்ஷ்டம் காப்பாற்றும். லண்டனில் ஹாலோவே ரோடு 304ஆம் எண், கீழே தோல் பொருள் கடை. மேலே வாடகைக் குடியிருப்பில் தயாரிப்பாளர் ஜோ மீக் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஹனிகோம்ஸ் குழுவின் 'ஹாவ் ஐ தி ரைட்' 1964இல் அங்கே உருவாகி முதலிடம் போனது. அந்தப் பாட்டின் திம்திம் என்ற அடி, குழுவினர் மரப்படியில் காலால் மிதித்தது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிகளில் மைக்குகளை சைக்கிள் ஓட்டிகள் கால்சட்டையில் மாட்டும் கிளிப்பால் கட்டியிருந்தார்கள். 1967 பிப்ரவரியில் மீக் வீட்டுக்காரம்மாவைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். விட்டுச் சென்ற டேப்புகள் தேயிலைப் பெட்டிகளில் அடைத்துக் கைமாறின. வாங்கியவர் கொடுத்த விலை முந்நூறு பவுண்டு. சுமார் 1,850 டேப். பல பத்தாண்டு சும்மா கிடந்த அவற்றை 2020இல் செர்ரி ரெட் கம்பெனி வாங்கியது. தேயிலைப் பெட்டிக்குள்ளிருந்து பீட் காலத்தின் புதிய ஆல்பங்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன.

கடைசியாகக் கணினி வந்து சேர்ந்தது. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் பீட்டில்ஸ் பற்றிய 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருள், ஒரே டிராக்கில் ஒட்டிக்கிடக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும். 2022இல் 'ரிவால்வர்' ஆல்பத்தை, பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் இதை வைத்து மறுபடி மிக்ஸ் செய்தார். 'டாக்ஸ்மேன்' பாட்டில் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் ஒரே டிராக். அதுவரை அவற்றை யாராலும் பிரிக்க முடியவில்லை. அடுத்த வருடம் ஆரம்பகாலப் பாட்டுகளுக்கும் அதே வைத்தியம். குரல் நடுவுக்கு வந்தது, பாகப்பிரிவினை முடிவுக்கு வந்தது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் பேஸும் டிரம்ஸும் ஒன்றோடொன்று ஒழுகிக் கலந்த அந்த மங்கல்தான் அந்த அறையின் காற்று. பழைய மோனோவைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் புதியதில் வீடு சுத்தமாகவும் ஆள் இல்லாததாகவும் தெரிகிறது. இரண்டும் கிடைக்கும் வரை புகார் இல்லை. மறுவெளியீடு பழையதை அலமாரியிலிருந்து தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும்போதுதான் சிக்கல்.

மறுவெளியீடு யாருக்குச் சோறு போடுகிறது என்ற கணக்கும் உண்டு. 1941இல் சென்னையில், அன்றைய மதராஸில், பிறந்த பீட் பெஸ்ட் பீட்டில்ஸின் டிரம்மராக இரண்டு வருடம் இருந்தார். 1962 ஆகஸ்டில், முதல் தட்டு வெளிவருவதற்குச் சில வாரம் முன்பு, அவரை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தார்கள். பின்னர் அவர் லிவர்பூல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசு ஊழியராகக் காலம் தள்ளினார். 1995இல் பழைய பதிவுகளைத் தொகுத்து 'ஆந்தாலஜி 1' வந்தது. டெக்கா கம்பெனி நிராகரித்த தேர்வுப் பதிவு உட்பட அவர் வாசித்த பத்துப் பாட்டுகள் அதில் இருந்தன. முப்பத்து மூன்று வருடம் கழித்து அவர் கைக்குப் பெரிய ராயல்டி வந்தது. அந்தத் தட்டின் உறை, பழைய சுவரொட்டிகளையும் படங்களையும் கிழித்து ஒட்டியது போன்ற ஓவியம். அதில் வரும் ஒரு குழுப் படத்தில் பெஸ்ட்டின் தலை இருந்த இடத்தைக் கிழித்திருக்கிறார்கள். கிழிசல் வழியே ரிங்கோவின் முகம் தெரிகிறது. 2008இல் பீட் பெஸ்ட் தன் சொந்தக் குழுவோடு 'ஹேமன்ஸ் கிரீன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதன் உறையில் இருப்பது அந்தக் கிழிந்த துண்டு.